‘ஏழுகல்’ வழக்கில் உன் அப்பாவின் வாக்குமூலம்

இளங்கோ,

அடுத்த வாரம் உன் ஆபீசுக்கு ஒரு பிரமாணப் பத்திரத்தின் நகல் வந்து சேரும். உங்கள் கட்சிக்காரரான மசாலா கம்பெனியின் டிரேட்மார்க் பதிவை ரத்து செய்யச் சொல்லி, குரும்பலூர் மலர்க்கொடி உயர் நீதிமன்றத்தில் போட்டிருக்கும் மனுவோடு சேர்ந்தது அது. ஆறு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருக்கும். அந்தக் கோப்பை நீ தொடுவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான். டீ குடிக்கிற இடத்தில் யாராவது ஒருவர், "உங்கப்பாவா இப்படி எழுதிக் குடுத்திருக்காரு?" என்று கேட்கத்தான் போகிறார். அவர் வாயால் நீ கேட்பதற்கு முன் என் கையால் எழுதியதைப் படித்துவிடு. போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நான் பாதியில் கோபப்படுவேன், நீ பாதியில் மௌனமாகிவிடுவாய். நம் இருவருக்கும் அதுதான் பழக்கம். அதனால்தான் இந்தக் கடிதம்.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே தொடங்குகிறேன். கீழப்பழுவூரில் வயல் வேலை செய்த குடும்பத்திலிருந்து கறுப்பு கோட்டு போட்ட முதல் ஆள் நான். முப்பது வருடத்துக்கு மேலாகப் பெரம்பலூர் கோர்ட்டில் பாகப்பிரிவினையும் வரப்புத் தகராறும் விபத்து வழக்கும் நடத்தி உங்களை வளர்த்தேன். என் வேலை எனக்குத் தெரியும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. எண்ணமா அது, திமிர். நீ திருச்சியில் சட்டம் முடித்துவிட்டு வந்து, அறிவுசார் சொத்துரிமையில் மேற்படிப்பு படிக்கப்போகிறேன் என்று சொன்ன அன்று நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "மாத்திரைக்குப் பேரு, மசாலாவுக்குப் பேரு, இதெல்லாம் ஒரு சட்டமாடா? வரப்பு இருக்கிற வரைக்கும் நமக்குச் சோறு இருக்கு. அதப் படி." நீ அமைதியாக, "சட்டம் மாறிக்கிட்டே இருக்குப்பா" என்றாய். "மாறுனா கடையில புதுப் புஸ்தகம் வரும். வாங்கிக்கிறேன்" என்றேன். நான் வாங்கவே இல்லை. வக்கீல்களுக்கான ஒரு ஆன்லைன் வகுப்பில் என்னைச் சேர்த்துவிடுகிறேன் என்று பிறகு ஒரு விடுமுறையில் கேட்டாய். "சனி ஞாயிறு ரெண்டு மணி நேரம்தாம்பா. உக்காந்த எடத்துலேயே பாக்கலாம்." "பெத்தவனுக்கே பாடம் நடத்துற அளவுக்கு வந்துட்டியா?" என்று கத்தினேன். உன் அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய். பஸ் ஓட்டுகிறவர்கூடச் சில வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். நமக்கு அது கிடையாது. கோட்டை ஒருமுறை மாட்டிவிட்டால் போதும், உனக்கு இன்னும் சட்டம் தெரியுமா என்று சாகிறவரை யாரும் கேட்பதில்லை. கேட்க ஒருவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். அவன் வாயையும் நான் அடைத்தேன்.

மலர்க்கொடி என்னிடம் வந்தது அதற்கு அடுத்த வருடம். சின்ன வெங்காயத்தில் தாளிப்பு வடகம் போட்டு விற்கிறவள். வடகத்தை உருட்டிக் காயவைக்க அவள் வயலோரத்தில் ஏழு பாறைகள் இருக்கின்றன. அதனால் ‘ஏழுகல் வடகம்’ என்று பெயர் வைத்து, பாக்கெட் போட்டு, ஆறு வருடமாகப் பெரம்பலூரிலும் அரியலூரிலும் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நம் வீட்டுக் குழம்பிலும் அந்த வடகத்தைத்தான் தாளித்தோம். "பேரு நல்லா ஓடுதுங்க சார். வேற யாராச்சும் எடுத்துட்டா என்னா பண்றது? ஏதோ பதிவு பண்ணணும்னு சொல்றாங்களே" என்றாள். எனக்குத் தெரியாது, திருச்சியிலோ சென்னையிலோ தெரிந்த ஆளிடம் போ என்று சொல்ல எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. சொல்லவில்லை. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். எத்தனை வருடமாக அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறாள் என்ற கட்டத்தை அவள் சொன்னபடி நிரப்பினேன். வக்கீலின் மெயில் முகவரி கேட்ட கட்டத்தில், கல்லூரிக் காலத்தில் நீ எனக்கு உருவாக்கித் தந்த முகவரியைப் போட்டேன். "தெனமும் ஒரு தடவ பாத்துடுங்கப்பா" என்று சொல்லிக் கொடுத்திருந்தாய். நான் அதை மாதம் ஒருமுறைகூடத் திறந்ததில்லை.

அந்த முகவரிக்குத்தான் டிரேட்மார்க் பதிவகத்திலிருந்து ஆட்சேபணை வந்தது. ஒரு மாதத்துக்குள் பதில் போட வேண்டும். நானோ தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைத் தருவார் என்று காத்திருந்தேன். மெயிலில் அனுப்பினாலே கையில் கொடுத்ததாக ஆகும் என்று விதி மாறிப் பல காலம் ஆகியிருந்தது. மலர்க்கொடி இரண்டு மூன்று முறை வந்து கேட்டாள். "கவர்மெண்டு காரியம், மெதுவாத்தாம்மா வரும்" என்று சொல்லி அனுப்பினேன். அவளும் நம்பினாள். வக்கீல் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

பிறகு உங்கள் நோட்டீஸ் வந்தது. கோர்ட்டு வாசலில் என்னைப் பிடித்து, ஒரு உறையை நீட்டினாள். கெட்டித்தாளில் பத்துப் பக்கம். மேலே உன் ஆபீஸ் பெயர். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது பெருமை. என் மகன் வேலை பார்க்கிற இடம் என்று ஒரு நொடி நெஞ்சு நிமிர்ந்தது. அதற்குப் பிறகுதான் படித்தேன். ‘ஏழுகல்’ என்ற பெயர் ஒரு மசாலா கம்பெனிக்குப் பதிவாகியிருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும், அச்சடித்த கவர்களை அழிக்க வேண்டும், தவறினால் சென்னையில் வழக்கு. மலர்க்கொடியை என் அறையில் உட்காரவைத்துவிட்டு மெயிலைத் தேடினேன். பாஸ்வேர்டு உன் கையெழுத்தில் பழைய டைரி ஒன்றின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. திறந்தால் ஆயிரக்கணக்கில் படிக்காத கடிதங்கள். நடுவில் அந்த ஆட்சேபணை. வேறு ஏதோ பொருள் விற்கிற ஒருவரின் பெயர் கொஞ்சம் ஒத்துப்போகிறது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் பதில் எழுதியிருக்கலாம். கெடு எப்போதோ தாண்டி, விண்ணப்பத்துக்கு நேராக ‘கைவிடப்பட்டது’ என்று போட்டிருந்தது. கைவிட்டது அவள் அல்ல, நான்.

"என்னா சார் போட்டிருக்கு அதுல?" என்று எட்டிப் பார்த்தாள். நான் கம்ப்யூட்டர் திரையை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டேன். இளங்கோ, இந்த ஒரு அசைவை மட்டும் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "நம்ம மனு நிக்கலம்மா. அவங்களுக்குப் பதிவாயிடுச்சு" என்றேன். அதில் பொய் இல்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். "நான்தான சார் மொதல்ல வச்சேன்? இத்தன வருஷமா வித்துக்கிட்டு இருக்கேனே?" என்றாள். "பதிவு யாரு பேருலயோ அவந்தாம்மா சொந்தக்காரன். கெரயப் பத்திரம் மாதிரி. கோர்ட்டுக்குப் போனா இருக்கிறதும் போயிடும்." நிலத்தை வைத்தே முப்பது வருடம் பிழைத்தவன் நான். பெயரையும் நிலம் மாதிரியே நினைத்தேன். ஆனால் அவசரம் அதனால் மட்டும் வரவில்லை. வழக்கு என்று போனால் அந்த மெயில் வெளியே வரும். சமாதானமாக முடிந்தால் வராது. இரண்டே நாளில் இனி அந்தப் பெயரைத் தொடமாட்டேன் என்று உறுதிமொழி எழுதி, அவளிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கவர்களை வீட்டுக்குப் பின்னால் போட்டு எரித்து, அத்தாட்சிக்குப் படம் எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினாள். அந்தப் படத்தை நான்தான் உங்கள் ஆபீசுக்கு அனுப்பிவைத்தேன்.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்தாய். லீவு முடிந்து உன்னை ரயில் ஏற்ற அரியலூர் வரை நானும் பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். நாம் பேசவில்லை. பிளாட்பாரத்தில் கேட்டேன். "ஏழுகல் நோட்டீஸ் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"பதிவேட்டுல அந்தப் பழைய விண்ணப்பத்துல வக்கீல்னு எம்பேரு இருந்திருக்குமே. பாத்தியா?"

"பாத்தேன். பாத்த உடனே சீனியர்கிட்ட சொல்லிட்டேன். என்னை அந்த ஃபைல்லேர்ந்து எடுத்துட்டாங்க."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

"எப்படிப்பா போட முடியும்? கம்பெனிக்காரங்க எங்க கட்சிக்காரங்க."

"அந்தப் பொம்பள ஏமாளியாப் போறான்னு தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டாய். பிறகு, "அவங்களுக்கு என்ன பண்ணலாம்னு சொல்ல வேண்டியது அவங்க வக்கீலுப்பா" என்றாய்.

"அவ வக்கீலு நாந்தாண்டா!"

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் வந்தது, ஏறிவிட்டாய். கையாட்டினாய், நான் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், பெற்ற பிள்ளை காசுக்கு விலைபோய்விட்டான் என்றேன். நான்கு மாதம் உன் போனை எடுக்கவில்லை. அம்மா எடுத்து, "அப்பா குளிக்கிறார்" என்று ஒவ்வொரு முறையும் பொய் சொன்னாள்.

என் கண் திறந்தது எங்கள் வக்கீல் சங்கத்து ஹாலில். திருச்சியிலிருந்து ஒரு பெண் விரிவுரையாளர் வந்து, சனிக்கிழமை மதியம் டிரேட்மார்க் பற்றி வகுப்பெடுத்தார். சாப்பாடு உண்டு என்று சொன்னதால் நான் போனேன். இதையும் மறைக்க விரும்பவில்லை. அவர் ஒரு கேள்வி போட்டார். "ஒரே பேரு. ஒருத்தர் மொதல்ல பயன்படுத்துனாரு. இன்னொருத்தர் மொதல்ல பதிவு பண்ணாரு. யாரு நிப்பாங்க?" மூத்தவன் என்ற தோரணையில் கையைத் தூக்கி, "பதிவு பண்ணவருதாம்மா" என்றேன். "இல்லைங்க சார். முப்பத்து நாலாவது பிரிவு. பதிவு பண்ணவரு வர்றதுக்கு முன்னாடியே தொடர்ந்து பயன்படுத்திட்டு வர்றவங்களை, பதிவு வச்சிருக்கிறவரால தடுக்க முடியாது" என்றார். மலர்க்கொடியிடம் வாங்கிய உறுதிமொழி நினைவுக்கு வந்தது. தடுமாற்றத்தை மறைக்க, டிரேட்மார்க் மேல்முறையீட்டு வாரியம் இப்போது சென்னையில் எங்கே உட்காருகிறது என்று ஒரு கேள்வி கேட்டேன். பின்வரிசையில் ஒரு ஜூனியர் சிரித்தான். "அந்த வாரியத்தையே கலைச்சு வருஷமாச்சுங்க சார். இப்ப எல்லாம் ஹைகோர்ட்டுல தனிப் பிரிவு" என்றார் அவர், என்னைப் புண்படுத்தாத குரலில். அந்தக் குரல்தான் அதிகமாகப் புண்படுத்தியது. சாப்பிடாமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சட்டத்தை எடுத்துப் பார்த்தேன். நேற்று வந்த புதுப் பிரிவு இல்லை. சட்டம் பிறந்தபோதே அதில் இருந்தது. "நான்தான சார் மொதல்ல வச்சேன்?" என்று மலர்க்கொடி படிக்காமலே சொன்னதைத்தான் அங்கே அச்சடித்திருந்தார்கள்.

மறுநாள் குரும்பலூர் போனேன். அவள் இப்போது வேறு பெயரில் கொஞ்சமாக வடகம் போடுகிறாள். கடைக்காரர்கள் ‘ஏழுகல்’ கேட்கிறார்கள், கம்பெனி அதே பெயரில் போடும் வடகப் பாக்கெட்டை வாங்கி அடுக்குகிறார்கள். அவளுடைய நாத்தனாரே செந்துறையிலிருந்து போன் செய்து, "மலரு, இப்பல்லாம் ஒன் வடகத்துல மணமே இல்லடி" என்று குறைப்பட்டாளாம். அது தன்னுடையது இல்லை என்று புரியவைக்கவே இவளுக்கு அரை மணி ஆனதாம். பிரிவைப் பற்றி நான் சொன்னேன். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டியதே இல்லை என்று சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "எனக்குத் தெரியலன்னுதானே சார் ஒங்ககிட்ட வந்தேன்?" என்றாள். அவ்வளவுதான். மன்னித்துக்கொள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்டால் அவள் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டியிருக்குமே என்று கேட்காமலே கிளம்பினேன்.

அந்த விரிவுரையாளர் மூலமாகத் திருச்சியில் ஒரு இளம் வக்கீலம்மாவிடம் அவளை அனுப்பினேன். கோப்பைக் கொடுக்கும்போது, நானும் உதவுகிறேன் என்று ஒரு குறிப்பு தயாரித்துக்கொண்டு போனேன். போனில் இப்போது கேள்வி கேட்டால் பதில் எழுதித் தருகிறதே ஏ.ஐ., அதில் கேட்டு நான்கு தீர்ப்புகள் எடுத்திருந்தேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "ரெண்டு தீர்ப்பு கெடையவே கெடையாதுங்க சார். இல்லாததை அதுவா எழுதியிருக்கு" என்று அவற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். பழையதைப் படிக்காமல் கெட்டேன், புதியதைச் சரிபார்க்காமல் மறுபடி கெடப் பார்த்தேன். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான். உறுதிமொழியில் கையெழுத்து இருப்பதால் வழக்கு சுலபமில்லை என்று அவள் வெளிப்படையாகச் சொன்னாள். சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன் என்றால் மட்டும் ஒப்பந்தம் ரத்தாகாது. பதிலுக்கு ஒன்றும் வாங்காமல், எந்தச் சூழ்நிலையில் அவள் அதை எழுதிக் கொடுத்தாள் என்பதைக் காட்ட வேண்டும். அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சி நான்.

பிரமாணப் பத்திரத்தின் வரைவை என் மரியாதை கெடாமல் எழுதியிருந்தாள். ‘சட்ட நிலையைக் கவனிக்கத் தவறியதால்’ என்று ஒரு வரி. நான் அதை அடித்துவிட்டு, கெடு தவறியதையும், அது தெரிந்த பிறகும் கட்சிக்காரரிடம் மறைத்ததையும், மறைப்பதற்காகவே அவசரமாகச் சமாதானத்துக்குத் தள்ளியதையும் தனிப் பத்தியாக எழுதினேன். "இது வந்தா பார் கவுன்சில் வரைக்கும் போகலாங்க சார்" என்றாள். போகட்டும் என்றேன். கையெழுத்துப் போடுவதற்கு முன் மலர்க்கொடியிடம் போய் அந்தப் பத்தியை நானே படித்துக் காட்டினேன், ஏனென்றால் அந்த மெயில் விஷயம் அவளுக்கு அன்றுவரை தெரியாது. அன்று அவள் வாங்க என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே கேட்டாள். முடித்ததும், "அன்னிக்கு டிவிப்பொட்டிய அந்தப் பக்கம் திருப்புனீங்களே, இதுக்குத்தானா?" என்றாள். ஆமாம் என்றேன். உள்ளே போய்விட்டாள்.

நீ செய்தது சரி, இளங்கோ. பெயரைப் பார்த்ததும் சொன்னாய், விலகினாய், வாயை மூடிக்கொண்டாய். உன் கட்சிக்காரருக்கு நீ உண்மையாக இருந்தாய். என் கட்சிக்காரருக்கு நான் இல்லை. பிளாட்பாரத்தில் உன்னைப் பார்த்துக் கத்தியதெல்லாம் என்னைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டியது. இதை எழுத எனக்குக் கசக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஆனால் சரியாக இருந்தோம் என்பதோடு நிம்மதியாகத் தூங்கிவிடாதே. ஆறு வருடமாக அவள் அந்தப் பெயரைப் பயன்படுத்துகிறாள் என்பது கைவிடப்பட்ட விண்ணப்பத்திலேயே இருந்தது. உங்கள் ஆபீசில் அதைப் படித்தார்கள். பத்துப் பக்க நோட்டீஸில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று சட்டம் சொல்லலாம். மறுபக்கத்தில் விவரம் தெரிந்த வக்கீல் ஒருவர் இருப்பார், அவர் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில்தான் நம் தொழிலே நடக்கிறது. குரும்பலூரிலும் கீழப்பழுவூரிலும் மறுபக்கத்தில் இருப்பது என்னைப் போன்றவன். நோட்டீஸ் எழுத உட்காரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள். இன்னும் இருபது வருடத்தில் உனக்கும் பெயர் வந்துவிடும், உன்னிடம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அன்றைக்கு உனக்குப் பின்னால் வந்தவன் ஒருவன், "சட்டம் மாறிடுச்சுங்க சார்" என்பான். எழுந்து போகாமல் உட்கார்ந்து கேள். நான் இப்போது சனிக்கிழமை தவறாமல் வகுப்புக்குப் போகிறேன். பாதி புரிகிறது. இந்த வயதில் புரிந்து யாருக்கு என்ன லாபம் என்றும் தோன்றுகிறது. போகிறேன்.

விசாரணை வரும்போது என்னைக் கூண்டில் ஏற்றி உங்கள் சீனியர் குறுக்கு விசாரணை செய்வார். அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன கேட்பேன் என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் தொழில் செய்த வக்கீலுக்கு இது தெரியாது என்றால் நம்பச் சொல்கிறீர்களா? தெரிந்த பிறகும் மறைத்தீர்கள் என்றால், நீங்கள் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது? அவர் கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. அவர் குரலை உயர்த்துவார், உயர்த்தட்டும். நீ அந்தப் பக்கம் வராதே. வெளியே தண்ணீர் பாட்டிலோடும் நிற்காதே. அம்மாவை மட்டும் அன்று காலையில் கூப்பிட்டுப் பேசு. தவறவிட்டீர்களா, மறைத்தீர்களா என்று கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் நான் ‘ஆமாம்’ என்றுதான் சொல்லப்போகிறேன். மலர்க்கொடிக்காக ஒரு வக்கீலாக நான் உருப்படியாகச் செய்யப்போகிற முதல் காரியம் அதுதான்.

அப்பா
பெரம்பலூர்